சிங்கப்பூரில் ஐஸ் ஏது? மகன் மாதாமாதம் கட்டும் பணம் எங்கே போகிறது?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். கேள்வி இதுதான்: "மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே ஏதோ ஐஸ் ஹாக்கி கிளப்பில் சேர்ந்திருக்கிறானாம். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆட்டமாம். சம்பளம் கிடையாது, இவன்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறான். அந்த வெயில் ஊரில் ஐஸ் எப்படி? பணம் எங்கே போகிறது? அடிபடாதா? இதில் முன்னுக்கு வர வழி உண்டா?"

நான் தேவகோட்டைக்காரன். சிங்கப்பூரில் 11 வருடம் கணக்கு வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் இப்படி ஒரு அமெச்சூர் கிளப்புக்குப் பொருளாளராகவும் இருந்தேன். நன்றாக ஆடுவேன் என்று யாரும் அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. செட்டிநாட்டிலிருந்து வந்தவன், அதிலும் கணக்கர் என்று தெரிந்த வாரமே நோட்டைக் கையில் திணித்துவிட்டார்கள். அதனால் இந்த விளையாட்டை நான் பார்ப்பதே வரவு செலவுப் பக்கத்திலிருந்துதான். சிங்கப்பூர் ஆட்களுக்குச் சொல்வது போலச் சொன்னால் உங்களுக்குப் பிடிபடாது. நம்மூர்க் கணக்கிலேயே சொல்கிறேன்.

முதல் விஷயம், ஏமாற்று எதுவும் இல்லை. உங்கள் மகன் கட்டுவது ஐஸ் வாடகை. கிளப்புக்குச் சொந்த இடம் கிடையாது, அலுவலகம் கிடையாது, சம்பளத்துக்கு ஆள் கிடையாது. எங்கள் கிளப்பின் மொத்தச் சொத்து: ஒரு வாளி நிறைய பக் (பந்துக்குப் பதில் தட்டுகிற ரப்பர் வட்டு), ஒரு முதலுதவிப் பெட்டி, இரண்டு வண்ணத்தில் சட்டைகள், அந்த நோட்டு. மீதி எல்லாம் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வாடகைக்கு எடுத்த ஐஸ்தான். அந்த வாடகை நின்றால் மறுநாள் கிளப் கிடையாது.

வெயில் ஊரில் ஐஸ் எப்படி என்று கேட்டீர்கள். தொண்டிப் பக்கம் மீன் லாரிக்கு ஐஸ் பார் போடும் ஐஸ் கம்பெனிக்குள் எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய தொட்டி நிறைய உப்புத்தண்ணீர் இருக்கும். அமோனியா கம்ப்ரசர் ஓடி அந்தத் தண்ணீரைச் சைபர் டிகிரிக்கும் கீழே கொண்டுபோகும். உப்பு கலந்திருப்பதால் அது உறையாது. நல்ல தண்ணீர் ஊற்றிய தகரப் பெட்டிகளை அதற்குள் இறக்கினால், பெட்டிக்குள் இருப்பது மட்டும் உறைந்து பாராகிவிடும். ஐஸ் ரிங்க்குக்கும், அதாவது ஆடுகிற அந்த ஐஸ் தளத்துக்கும், அதே வித்தைதான். தொட்டிக்குப் பதிலாகக் காங்கிரீட் தரை. அந்தத் தரைக்குள் நெருக்கமாகக் குழாய்கள். குழாய்களுக்குள் குளிர்ந்த உப்புநீரோ, காரின் ரேடியேட்டரில் ஊற்றுகிற மாதிரி கிளைக்கால் கரைசலோ ஓடிக்கொண்டே இருக்கும். தரை குளிர்ந்ததும் மேலே தண்ணீர் தெளிப்பார்கள்.

மொத்தமாக ஊற்றிவிட மாட்டார்கள். மெல்லிசாகத் தெளித்து, உறைய விட்டு, அதன்மேல் மறுபடி தெளித்து, நம் வீட்டுச் சுவரில் சுண்ணாம்புச் சாந்தைப் பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றியது போல ஏற்றுவார்கள். பாதியில் வெள்ளை வண்ணம் அடித்து, சிவப்பு நீலக் கோடுகளைப் போட்டு, அதன்மேல் மறுபடி தண்ணீர். அதனால் எத்தனை கத்தி கீறினாலும் கோடு அழியாது. முழு அளவு ரிங்க் என்றால் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நம் கணக்கில் ஏறக்குறைய 44 சென்ட். இதன்மேல் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் ஐஸ் நிற்கிறது. மூன்று சென்டிமீட்டர் என்று வைத்தால் 54,000 லிட்டர் தண்ணீர். ஐந்தாறு தண்ணீர் லாரி கொள்ளளவு, அவ்வளவுதான். நிறைய பேர் அடியில் ஆழமாக ஐஸ் இருக்கும் என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன்.

தண்ணீர் பெரிய செலவில்லை, கரண்டுதான் செலவு. ஐஸின் மேற்பரப்பு மைனஸ் ஐந்து டிகிரிப் பக்கம் இருக்க வேண்டும். வெளியே 32 டிகிரி, அதோடு கடலோர ஈரக் காற்று. அந்த ஈரக் காற்று உள்ளே நுழைந்தால் ஐஸுக்கு மேலே இடுப்பளவுக்கு மூடுபனி எழும்பும். கதவைத் திறந்து போட்டுவிட்ட ஒரு ராத்திரி, எதிர் அணியின் தலைகள் மட்டும் மிதந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் குளிர வைப்பதோடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் மெஷினும் இரவு பகலாக ஓட வேண்டும். கனடாக்காரனுக்குக் குளிர்காலம் இலவசமாகக் கொடுப்பதை இங்கே மீட்டர் ஓட்டி வாங்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு வண்டியும் உண்டு. ஆட்டத்துக்கு இடையில் டிராக்டர் மாதிரி ஒன்று மெதுவாக வந்து ஐஸைச் சீவி, கழுவி, புதுத் தண்ணீர் தடவிவிட்டுப் போகும். கலிபோர்னியாவில் ஃப்ராங்க் ஜாம்போனி என்பவர் 1949-இல் செய்தது. அவர் பேரே வண்டிக்கும் நின்றுவிட்டது. அவரும் முன்னால் ஐஸ் பார் வியாபாரம் செய்தவர்தான், வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்ததும் ரிங்க் பக்கம் திரும்பியவர். அந்த வண்டி தடவுவது சுடுதண்ணீர். சுடுதண்ணீர் கீறல்களின் ஓரத்தைக் கொஞ்சம் உருக்கி, பழைய ஐஸோடு ஒட்டிக்கொண்டு உறையும். காய்ச்சிய தண்ணீரில் காற்றும் குறைவு, அதனால் ஐஸ் கண்ணாடி மாதிரி வரும். வண்டி போன பிறகு அந்த ஈரம் மினுங்கி அடங்குகிற இரண்டு மூன்று நிமிடம் யாரும் கால் வைக்கக் கூடாது. இருபது பேர் கதவோரம் வரிசையாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். வாடகை மணியில் அந்த நேரமும் அடக்கம் என்பது எனக்கு மட்டும் உறுத்தும்.

இனி கணக்கு. புரிவதற்காக ஒரு வட்டத் தொகை வைத்துக்கொள்வோம்: ஒரு மணிக்கு 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாடகை. வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம் என்றால் 600. மாதம் நான்கு வாரத்துக்கு 2,400. கிளப்பில் இருபது பேர் இருந்தால் தலைக்கு 120 வெள்ளி. இதுவரை சுலபம். ஆனால் இருபதில் இரண்டு பேர் கோலி, அதாவது கோல் காப்பவர்கள். உலகம் முழுக்க அமெச்சூர் ஹாக்கியில் ஒரு வழக்கம் உண்டு, கோலியிடம் முழுப் பணம் வாங்க மாட்டார்கள், பல இடங்களில் ஒரு காசும் வாங்க மாட்டார்கள். அவர்களுடைய சாமான்களுக்கே மற்றவர்களைவிட எத்தனையோ மடங்கு செலவு. அதோடு, கோலி வராவிட்டால் ஆட்டமே இல்லை. ஆக 2,400-ஐப் பதினெட்டால் வகுக்க வேண்டும். 133 வெள்ளி சொச்சம்.

அப்புறம் வந்தால்தான் காசு, வராவிட்டால் இல்லை என்று வைத்தால் என்ன ஆகும்? நான் பொறுப்பு ஏற்ற புதிதில் அப்படித்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அடைமழை. ஒன்பது பேர் வந்தோம், அதில் ஒருவர் கோலி. 600-ஐ எட்டால் வகுத்தேன், 75 வெள்ளி. முகத்தை முகம் பார்த்தார்கள். ஒரு பையன் படித்துக்கொண்டிருந்தவன், பேசாமல் எடுத்துக் கொடுத்தான், அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அவனைத் திரும்பக் கூப்பிட எனக்கு நாலு மாதம் ஆனது.

அந்த ராத்திரிக்குப் பிறகு நான் கொண்டுவந்ததைத்தான் நீங்கள் இப்போது உங்கள் மகன் விஷயத்தில் பார்க்கிறீர்கள், கிட்டத்தட்ட எல்லா கிளப்பிலும் இதுதான் முறை. சீசனுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தலைக்கட்டு. வந்தாலும் அதே, வராவிட்டாலும் அதே. எனக்கு இது புதிதே இல்லை. நம் பக்கத்தில் கோயிலுக்குப் புள்ளி வரி எப்படி? கல்யாணமான ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. ஊரில் இருந்தாலும் புள்ளி, பர்மாவில் இருந்தாலும் புள்ளி. திருவிழாவுக்கு வரவில்லை என்பதற்காக வரி குறையாது. அந்தக் காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்தவர்களையும் சேர்த்துத்தான் இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது கோயிலுக்கும் புள்ளிக் கணக்கு நடந்தது. அதை விளக்கிச் சொன்னபோது பின்லாந்துக்காரர் ஒருவர் மட்டும் சட்டென்று புரிந்துகொண்டார். அவர் ஊர்க் கிளப்பும் அப்படித்தானாம். எங்கள் நோட்டில் பாதிச் சீசனுக்குச் சேருபவர்களை நான் அரைப்புள்ளி என்றே எழுதிவந்தேன். தணிக்கை பார்க்க வந்த சீனத் தோழர், இது எந்த ஊர்ச் சொல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த வருடம் அவரும் அப்படியே சொன்னார்.

ராத்திரி பத்து மணிக்கு என்ன ஆட்டம் என்று உங்கள் வீட்டில் கவலைப்பட்டிருப்பார்கள். காரணம் எளிது. பகலில் ரிங்க்காரருக்கு வேறு வருமானம். பிள்ளைகள் பள்ளி விட்டு வருவார்கள், டிக்கெட் எடுத்துச் சறுக்குவார்கள். ஸ்கேட்டிங் வகுப்புகள் நடக்கும். அதெல்லாம் முடிந்து மிஞ்சுகிற நேரம்தான் ஹாக்கிக்கு. விடியற்காலையும் பின்னிரவும். பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் முடிந்து, கடைசி ரயில் போய்விட்டதால் நாலு பேர் ஒரு டாக்ஸியில் மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு போவது அங்கே சகஜம். மகன் ஊர் சுற்றுகிறான் என்று நினைக்க வேண்டாம்.

சிங்கப்பூர் மொத்தமே நம் சிவகங்கை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு வராது. அந்த ஊரில் வெகு நாளாகவே சின்ன ரிங்க்குகள் இருந்தன, 1996-இல் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் உறுப்பினராகவும் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் ஒலிம்பிக் அளவு ரிங்க் வந்தது 2012-இல்தான், ஜூரோங் ஈஸ்ட்டில் ஜேக்யூப் என்ற மாலுக்குள். அதில்தான் ஒரு தலைமுறையே ஆடக் கற்றது. 2017-இல் தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் முதல் முறையாக ஐஸ் ஹாக்கியைச் சேர்த்தார்கள், கோலாலம்பூரில். அடுத்த 2019 போட்டியில், பிலிப்பைன்ஸில், சிங்கப்பூர் ஆண்கள் வெள்ளி வாங்கினார்கள், தாய்லாந்துக்கு அடுத்தபடி. அதன்பிறகு 2023 ஆகஸ்டில் அந்த மாலையே மூடிவிட்டார்கள், இடித்துக் குடியிருப்பு கட்ட. வெள்ளிப் பதக்கம் வாங்கிய நாட்டில் முழு அளவு ரிங்க் இல்லை என்று ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் பலர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி ஜோகூர் பாருவுக்குப் போனார்கள். ஆட்டம் ஒரு மணி நேரம், குடிநுழைவு வரிசையில் இரண்டு மணி நேரம். நான் முதலில் சொன்னேனே, வாடகை நின்றால் கிளப் இல்லை என்று, அதை அந்த வருடம் நண்பர்களின் முகத்தில் பார்த்தேன். நான் அப்போது ஊருக்கு வந்துவிட்டிருந்தேன், தொலைபேசியில்தான் கேட்டேன் எல்லாவற்றையும்.

எல்லாச் சின்ன நாடும் இப்படி இல்லை. ஐஸ்லாந்தில் அக்குரேரி என்ற ஊரின் ஸ்கேட்டிங் கிளப் 1937-இல் தொடங்கியது. அங்கே ஐஸுக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். நாட்டின் மொத்த மக்கள்தொகையே நான்கு லட்சத்துக்குள். லக்ஸம்பர்க்கில் கிளப் இருக்கிறது, எதிர்த்து ஆட உள்ளூரில் போதுமான அணிகள் இல்லை, அதனால் அவர்களுடைய அணி பக்கத்து நாடான பிரான்ஸின் கீழ்நிலை லீகில் போய் ஆடுகிறது. சின்ன நாட்டுக் கிளப்புக்கு ஐஸ், ஆள், எதிராளி மூன்றில் எப்போதும் ஏதாவது ஒன்று குறையும். சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதினெட்டு வயதில் பையன்கள் இரண்டு வருடம் ராணுவச் சேவைக்குப் போய்விடுவார்கள். கால் நன்றாக ஓட ஆரம்பிக்கும் வயதில் போய், திரும்பி வரும்போது பாதிப் பேர் விளையாட்டையே விட்டிருப்பார்கள். அந்த இடத்தை நிரப்புவது உங்கள் மகன் மாதிரி வெளியூர் ஆட்கள்தான். எங்கள் அணியில் கனடா, செக், ஜப்பான், பின்லாந்து, உள்ளூர்ச் சீனர், மலாய்க்காரர் ஒருவர், நான். ஆண்களும் பெண்களும் கலந்துதான் ஆடினோம். ஒரு கோலி நாற்பத்தெட்டு வயதுப் பள்ளி ஆசிரியை.

இந்த எதிராளிப் பஞ்சத்தால் ஒரு நல்லதும் நடக்கிறது. மொத்தமே நாலைந்து அணிகள் என்பதால் இந்த வாரம் எதிரே நிற்பவர் அடுத்த வாரம் ஆள் குறைந்து உங்கள் பக்கம் ஆட வருவார். டிவியில் பார்க்கிற மாதிரி கையுறையைக் கழற்றிப் போட்டுச் சண்டை போடுவதெல்லாம் இங்கே நடக்காது. காலையில் இரண்டு பேருக்கும் ஆபீஸ் இருக்கிறது.

ஆட்டம் என்னவென்று ஒரு வரியில்: ஆளுக்கு ஒரு ஸ்டிக், ஒரு பக்கத்துக்கு கோலியோடு ஆறு பேர், பந்துக்குப் பதிலாக பக். நம்மூர் அதிரசம் அளவு வட்டம், ஒரு அங்குல கனம், கெட்டி ரப்பர், ஏறக்குறைய 160 கிராம். அறைச் சூட்டில் இருந்தால் துள்ளும், அதனால் ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள். எங்கள் பக் எல்லாம் ஒருவர் வீட்டு ஃப்ரீசரில் வஞ்சிர மீனோடு கிடக்கும். முதல் பத்து நிமிடம் மூக்கைத் துளைக்கும். முறையான ஆட்டம் மூன்று தடவை இருபது நிமிடம், ஆனால் ஒரே ஆள் தொடர்ந்து ஆட முடியாது. நாற்பது ஐம்பது நொடி முழு வேகத்தில் ஓடிவிட்டு பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும், அடுத்தவர் குதித்து இறங்குவார். இதற்கு ஷிஃப்ட் என்று பேர். நாலு வாரம் ஆடினால் தொந்தி கரையும் என்று சொல்வார்கள். எனக்குக் கரையவில்லை, ஆட்டம் முடிந்து சாப்பிட்ட பரோட்டாதான் காரணம்.

அடிபடுமா? படும், மறைக்க மாட்டேன். ஆனால் எதனால் படும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட கிளப்புகளில் உடம்பால் மோதித் தள்ளுவதற்கு அனுமதி கிடையாது, தள்ளினால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். பெரும்பாலான அடி தானாக விழுவதால்தான். மணிக்கட்டு, முழங்கால், தொடை இடுக்கில் சதைப் பிடிப்பு. நான் முதல் மாதத்தில் பின்பக்கமாக விழுந்து வால் எலும்பில் அடிபட்டு, ஆபீஸில் மூன்று வாரம் தலையணை போட்டு உட்கார்ந்தேன். விழும்போது கையை ஊன்றாமல் பக்கவாட்டில் உருள வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உடம்பில் ஏறியது.

மூன்று விஷயம் மட்டும் மகனிடம் கறாராகக் கேளுங்கள். முகம் முழுக்க மூடும் கம்பி வலை வைத்த ஹெல்மெட் போடுகிறானா? மற்ற சாமான் எல்லாம் பழையது வாங்கலாம், ஹெல்மெட் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். இரண்டாவது, கழுத்துப் பட்டை. 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரில் ஆடம் ஜான்சன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு நடுவே எதிராளியின் ஸ்கேட் கத்தி கழுத்தில் பட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகு சர்வதேசச் சம்மேளனம் தன் போட்டிகள் எல்லாவற்றிலும் கழுத்துப் பட்டையைக் கட்டாயம் ஆக்கியது. கிளப் ஆட்டத்தில் யாரும் பரிசோதிக்காவிட்டாலும் அவன் போட வேண்டும். வியர்க்கிறது என்பான், விடாதீர்கள். மூன்றாவது, அவனுடைய மருத்துவக் காப்பீடு விளையாட்டில் படும் அடிக்குப் பணம் தருமா என்று பாலிசியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆபீஸில் கொடுக்கிற காப்பீடு எல்லாவற்றுக்கும் போதும் என்று நம்பி, எங்கள் அணியில் ஒருவர் முழங்கால் அறுவைக்குக் கைப்பணம் கட்டினார்.

சாமான் செலவைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுசாகாது. முழங்கால் காப்பு, முழங்கை காப்பு, தோள் காப்பு, பஞ்சு வைத்த கால்சட்டை, கையுறை, ஸ்கேட், ஸ்டிக், மேலே சொன்ன ஹெல்மெட், பட்டை. ஒருமுறை லீவில் வரும்போது மூட்டையைத் தேவகோட்டை வீட்டு வளவில் பிரித்துக் காயப் போட்டேன். கல்யாண வீட்டில் சாமான் பரப்பியது போல அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை. அப்பத்தா வந்து நின்று பார்த்தது. "ஏப்பா, இதெல்லாம் உனக்கு யாரு போட்டது?" என்று கேட்டது. நானே வாங்கினேன் என்றதும் "வெளங்கும்" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. நாற்றத்தைப் பற்றி அது சொன்னது சரி. ஹாக்கி மூட்டை நாற்றம் உலகப் பிரசித்தம்.

அந்த லீவில்தான் ஸ்டிக் கையாளும் பழக்கமே எனக்கு வந்தது. பக்குக்குப் பதில் ஒரு கோல்ஃப் பந்து, ஐஸுக்குப் பதில் ஆத்தங்குடிக் கல். வருஷக் கணக்காகத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த தரை, பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. கண்ணைத் தூக்கி எதிரே பார்த்துக்கொண்டு, கீழே கையின் உணர்வால் மட்டும் பந்தை இடமும் வலமும் தட்ட வேண்டும், அதுதான் பயிற்சி. நானும் தூண்களுக்கு இடையில் ஒரு வாரம் தட்டினேன். ஏழாம் நாள் பந்து பூஜை அறை வாசலில் இருந்த குத்துவிளக்கில் பட்டது. பயிற்சி அத்தோடு முடிந்தது.

முன்னுக்கு வர வழி உண்டா என்று கேட்டீர்கள். சம்பளம், வேலை என்ற பொருளில் இல்லை. சிங்கப்பூர் தேசிய அணியில் ஆடுபவர்களும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், படிப்பவர்கள்தான். அதோடு உங்கள் மகனிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை சிங்கப்பூர் அணியில் அவனுக்கு இடமில்லை. எந்த நாட்டுக் குடிமகனோ அந்த நாட்டுக்குத்தான் ஆட முடியும். அப்படியென்றால் இந்தியாவுக்கு ஆடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சட்டப்படி ஆடலாம். இந்தியா 1989-இலிருந்தே சர்வதேசச் சம்மேளனத்தில் உறுப்பினர். ஆனால் அங்கே போட்டி யாரோடு தெரியுமா? லடாக் பிள்ளைகளோடு. லேயில் குளம் உறைந்ததும் ஐந்து வயதிலிருந்து அதன்மேல் ஆடி வளர்ந்தவர்கள், ராணுவத்திலும் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையிலும் சேர்ந்து அங்கேயும் ஆடுபவர்கள். அவர்களுக்கும் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் இயற்கை ஐஸ் கிடைப்பதில்லை. டேராடூனில் 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய பெரிய உள்ளரங்க ரிங்க் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்துதான் மறுபடி திறந்தது. இந்த லட்சணத்திலும் இந்தியப் பெண்கள் அணி 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கி வந்தது. ஆண்களைவிட அவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும், இங்கே ஒரு பத்திரிகையும் அரைப் பக்கம் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே வேலைக்குப் போன வயதில் ஸ்கேட் போட ஆரம்பித்தவன் அந்த அணிக்குள் நுழைவது நடக்காத காரியம். அவனுக்கு இதில் கிடைப்பது வேறு. எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். சிங்கப்பூருக்குப் போன முதல் இரண்டு வருடம் ஆபீஸ், அறை, ஞாயிற்றுக்கிழமை டேங்க் ரோடு முருகன் கோயில், லிட்டில் இந்தியாவில் சாப்பாடு, மறுபடி அறை. பேசியதெல்லாம் நம்மூர் ஆட்களோடுதான். கிளப்பில் சேர்ந்த பிறகுதான் அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் போனேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தது எங்கள் வலதுபுற டிஃபென்ஸ் ஆட்டக்காரரின் மனைவி.

காரைக்குடியில் இப்படி ஒன்று தொடங்க முடியுமா என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள், விளையாட்டாகக் கேட்டீர்களோ என்னவோ. ஐஸில் முடியாது, கரண்டு பில்லை நினைத்தாலே வியர்க்கிறது. ஆனால் இதே ஆட்டத்தைச் சக்கர ஸ்கேட் போட்டுச் சிமென்ட் தரையில் ஆடலாம். தரை மட்டம் பிசகாமல், வழவழப்பாக இருக்க வேண்டும், சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் பலகை. பக்குக்குப் பதில் பந்து. ஒரு பழைய நெல் குடோன் போதும். லீவில் வரும்போது மகனை என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள், இடம் பார்க்க இரண்டு பேரும் போய்வருகிறோம்.

வரும்போது மூட்டையையும் கொண்டுவருவான். அதை அறைக்குள் வைக்க விடாதீர்கள், வளவில் நல்ல வெயிலில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஸ்கேட்டை மட்டும் வெயிலில் வைக்கக் கூடாது, தோலும் பசையும் விட்டுவிடும். நிழலில், கத்தியைத் துணியால் ஒட்டத் துடைத்து, உறை போடாமல் வைக்க வேண்டும். ஈரத்தோடு உறையை மாட்டிவிட்டால் மறுநாள் காலையிலேயே துரு ஏறியிருக்கும், அதைத் தீட்ட நம்மூரில் ஆள் கிடையாது. கொப்புடையம்மன் கோயில் பக்கம் கத்தி சாணை பிடிப்பவரிடம் நான் ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன். அவர் அதை அரிவாள் மாதிரி ஒரே விளிம்பாகத் தீட்டிக் கொடுத்துவிட்டார். ஸ்கேட் கத்திக்கு நடுவில் பள்ளமும் இரண்டு ஓரத்திலும் விளிம்பும் வேண்டும். அந்த ஜோடி இப்போதும் என் பரணில் கிடக்கிறது.